இறுகிய கைகால்களை இழுத்து நிமிர்த்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் கைகால் இறுக்கத்தை எண்ணெய் போட்டு உருவியே பூரணமாகக் குணப்படுத்துவதாக ஒரு விளம்பரம் சில வாரங்களாக உங்கள் பத்திரிகையில் வருகிறது. அதை நம்பி வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்துகூடத் தாய்மார் நகையை அடகு வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் திருகோணமலைக்குத் தூக்கி வருகிறார்கள். என் பேரனுக்கும் பெருமூளை வாதம்தான். நிறுத்தி வைத்தால் அவனுடைய கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அவனை வளர்க்கும் அம்மம்மா என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்த இறுக்கம் காலில் தொடங்குவதில்லை. கருவிலோ, பிறக்கும்போதோ, கைக்குழந்தைப் பருவத்திலோ மூளையின் ஒரு பகுதி சேதப்பட்டதால் வருவது. குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. அந்தச் சேதம் மேலும் கூடாது, ஆனால் இல்லாமலும் போகாது. தசையை எவ்வளவு உருவினாலும் மூளையிலிருந்து வரும் கட்டளை மாறாது. குளிப்பாட்டும் முன் இதமாக எண்ணெய் பூசுவதில் ஒரு தவறும் இல்லை, பிள்ளைக்கும் அது சுகம்தான். நான் பயப்படுவது, முழங்காலை அழுத்திப் பலவந்தமாக நிமிர்த்துவதற்குத்தான். வேகமாக இழுக்க இழுக்கத் தசை இன்னும் இறுகும். அதோடு நடக்காத பிள்ளைகளின் எலும்பு மெலிந்திருக்கும், தொடை எலும்பு முறிந்துவிடலாம். பிள்ளை அலறுவதைப் பார்த்து, நரம்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று தாய்க்குச் சொல்கிறார்களாம். கேட்கவே நெஞ்சு கொதிக்கிறது.

அப்படியானால் கை வைத்துச் செய்யும் சிகிச்சையே வேண்டாமா? வேண்டும், முறையாக வேண்டும். 1940களில் லண்டனில் பேர்ட்டா போபாத் என்ற பிசியோதெரபிஸ்டும் அவருடைய கணவர் டாக்டர் கரெல் போபாத்தும், பிள்ளையைப் பிடிக்கும் விதத்தாலேயே இறுக்கத்தைத் தணித்து அசைவை வழிநடத்தலாம் என்று கற்பித்தார்கள். உலகமெங்கும் அந்த முறை பரவியது. பிற்கால ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்லின. பிள்ளை சும்மா கிடக்க, மற்றவர் அசைத்துக் கொடுப்பதால் வரும் பலன் கொஞ்சம்தான். தனக்கு வேண்டிய ஒரு வேலையைப் பிள்ளையே முயன்று திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் திறமை கூடுகிறது. 2013இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழுவினர் பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளை எல்லாம் ஆராய்ந்து, வீதிச் சமிக்ஞை விளக்குப் போல நிறம் கொடுத்துத் தரம் பிரித்தார்கள். இலக்கு வைத்த பயிற்சிக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் பச்சை கிடைத்தது. ஒரு பக்கக் கை மட்டும் பலவீனமான பிள்ளைக்கு, நல்ல கையில் கொஞ்ச நேரம் துணி உறை போட்டுவிட்டுப் பலவீனமான கையால் விளையாட வைக்கும் முறைக்கும் பச்சைதான்.

என் பேரனுக்கு நாங்கள் வைத்த இலக்கு, இடியப்பத்தைத் தானே பிய்த்து வாயில் வைப்பது. தரை முழுக்கச் சிந்தினான், சிந்தட்டும் என்று விட்டோம். இப்போது பாதி இடியப்பம் வாய்க்குப் போகிறது, அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

தாய்மாருக்குப் பிடிமுறையைச் சொல்லிக்கொடுத்தாலே நாளாந்தப் பாடு பாதி குறையும். விறைத்துக் கிடக்கும் பிள்ளையை அக்குளில் பிடித்து நேரே தூக்கக் கூடாது, உடம்பு வில்லாக வளையும். முதலில் ஒரு பக்கம் சரித்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தோளுக்குப் பின்னும் முழங்காலுக்குக் கீழும் கை கொடுத்துத் தூக்க வேண்டும். இடுப்பில் வைக்கும்போது கால்கள் இரண்டும் அகன்று இரு பக்கமும் இருக்கட்டும். பொத்திய கையை விரிக்கக் கட்டைவிரலைப் பிடித்து இழுக்காதீர்கள், மூட்டுக் கெட்டுவிடும். மணிக்கட்டை மெல்ல உள்ளே மடக்கினால் விரல்கள் தாமாகவே இளகும். சட்டை போடும்போது இறுகிய கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். சாப்பாடு ஊட்டுகையில் தலை பின்னால் சாயவே கூடாது, புரைக்கேறும். அப்புறம், எந்தப் பிடியையும் ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளைக்குப் பிள்ளை இறுக்கம் வேறுபடும்.

ஆனால் அந்த ஒரு முறைக்குத்தான் எவ்வளவு அலைச்சல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலைக்கு வரும் பயணம் இலகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் விறைத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து போகும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. மூதூரிலும் குச்சவெளியிலும் மாதம் ஒரு நாளாவது பிசியோதெரபிஸ்டும், உண்பது உடுப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் வந்து, தாய்மாருக்குக் கையைப் பிடித்துப் பழக்கித் தர வேண்டும். சுகாதார அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். குடும்ப நல உத்தியோகத்தருக்கும் இந்தப் பிடிமுறைகளைப் பழக்கினால் வீட்டு வாசலிலேயே உதவி கிடைக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த விளம்பரத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைக் கொண்டு, தூக்குவது, இருத்துவது, ஊட்டுவது எல்லாம் படங்களோடு எழுதச் சொல்லுங்கள். வாசிக்கும் தாய்மாருக்கும் ஒரு சேதி. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. தொடக்கத்தில் வலி இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். அடுத்த கிளினிக்கில் பிள்ளையின் இடுப்பை எப்போது படம் எடுப்பார்கள் என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அம்மம்மா,
உப்புவெளி, திருகோணமலை.