எங்கள் மலையில் கொலை செய்யும் எழுத்தாளர்களுக்கு

மர்ம நாவல் எழுதும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் எனக்கு ராத்திரி வேலை. பகலில் பறித்து வந்த கொழுந்து விடிய விடிய தொட்டியில் காற்று வாங்கி வாட வேண்டும். நடுநடுவே போய்க் கிளறிவிட்டு, ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்ப்பேன். உருண்டையாகவே நின்றால் பதம் வந்துவிட்டது, விரிந்துகொண்டால் இன்னும் நேரமிருக்கிறது. அந்த மிச்ச நேரமெல்லாம் உங்களுக்குத்தான். வருஷக்கணக்காக இப்படித்தான் போகிறது.

போன மாதம் வேலைக்குப் போகிற கடைசி பஸ்ஸில் உங்களில் ஒருவர் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தேன். தங்கையைக் கொன்ற மூன்று பேரில் இரண்டு பேரை முடித்துவிட்டு, மூன்றாமவன் வீட்டு காலிங் பெல்லை அழுத்துகிறான் அண்ணன்காரன். தலை நிமிர்ந்தபோது என் ஸ்டாப் போய் மூன்று கிலோமீட்டர் ஆகியிருந்தது. இறங்கித் திரும்பி நடந்தால், தேயிலைக்காட்டு வளைவில் நடுரோட்டில் ஒற்றைக் காட்டெருமை. அதுவும் நகரவில்லை, நானும் நகரவில்லை. இருபது நிமிஷம். பயத்தில் கால் நடுங்கியது உண்மைதான். ஆனால் அப்போதும் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: கதவைத் திறந்தது யார்?

வீட்டில் கோழி அறுத்தால்கூட உள்ளே போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன், மூன்று கொலை செய்கிறவன் மாட்டிவிடக் கூடாதே என்று பதறுகிறேன். கதையில் போலீஸ் ஜீப் வந்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இது என்ன வசியம் என்று யோசித்ததில் பழையனூர் நீலி ஞாபகம் வந்தாள். புருஷன் கையால் செத்தவள், மறுபிறவியில் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர்தான் என் புருஷன், என்னோடு வர மாட்டேன் என்கிறார் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிறாள். அவன் கையில் ஒரு மந்திரவாள் இருக்கிறது. அது இருக்கும்வரை அவளால் கிட்டே வர முடியாது. பெரியவர்களோ, பெண்டாட்டியிடம் போகிறவனுக்கு வாள் எதற்கு, உன் உயிருக்கு நாங்கள் 70 பேர் பொறுப்பு என்று சொல்லி அதை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அவள் யாரென்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வாள் அவன் கையை விட்டுப் போகிற அந்த ஒரு நொடியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அவனும் செத்தான், சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்கினார்கள். நமக்கு இன்றைக்கும் ‘நீலிக்கண்ணீர்’ வாயில் நிற்கிறது.

சரி, புகழ்ந்தது போதும். குறைக்கு வருகிறேன்.

எங்கள் மலைக்கு வந்ததும் உங்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. முதல் பக்கத்தில் பனிமூட்டம், கடைசிப் பக்கத்தில் பள்ளத்தாக்கு, நடுவில் ஒரு எஸ்டேட் பங்களா. கூடலூரில் ஜூலை மழை கொட்டுகிறதென்றால் கோத்தகிரியிலும் கொட்ட வைக்கிறீர்கள். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஊர் தெரியாமல் கொலை செய்தால் கொலைகாரன் மாட்டுவான், எழுத்தாளர் அவனுக்கு முன்னாலேயே மாட்டிவிடுவார்.

சென்னையிலிருந்து காரில் வந்து, ஊட்டியில் காரியத்தை முடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறான் உங்கள் ஆள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வர இ-பாஸ் வேண்டும். வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள், தங்குவது எங்கே என்று எல்லாவற்றையும் அவனே ஆன்லைனில் பதிந்து கொடுத்துவிட்டுத்தான் மலையேற முடியும். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக முதுமலை வழியே மைசூருக்குத் தப்புகிறான். அந்த வழியிலுள்ள பந்திப்பூரில் 2009 முதல் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரை பாதை அடைப்பு. குறிப்பிட்ட சில பஸ், ஆம்புலன்ஸ் தவிர எதையும் விட மாட்டார்கள். (ஆம்புலன்ஸை விடுவார்கள் என்பதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். ஏன் இன்னும் யாரும் தொடவில்லை?)

பிணத்தைத் தேயிலைக்காட்டில் புதைப்பது இன்னொரு கொடுமை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குப் பெண்கள் கொழுந்தெடுக்க வருவார்கள். எந்தச் செடி வாடியிருக்கிறது, எங்கே புதுமண் தெரிகிறது என்பது அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. அவர்கள் வருவதற்குள் காட்டுப்பன்றி வந்து தோண்டிவிடும். அதைவிட, டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாப் பக்கம் விடிகாலையில் போய்ப் பாருங்கள். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி. அதன்மேல் யார் நடந்தாலும் தடம் பச்சையாகத் தெரியும். வெயில் ஏறினால் ஒன்றுமிருக்காது. அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து சேர்வாரா? இதை விட்டுவிட்டு இன்னமும் பனிமூட்டத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் சாகிறாள், அவள் பெயர்கூட நமக்குப் பழகவில்லை, மிச்சக் கதை முழுக்க அண்ணனோ காதலனோ அவளுக்காக வெட்டுகிறான். நீலிக்கு அண்ணன் வரவில்லை. அவளே வந்தாள்.

எங்கள் லைன் வீடுகளில் இரண்டு குடும்பம் பேசிக்கொள்ளாமல் 22 வருஷமாகிறது. வேலி தகராறில் ஆரம்பித்தது, அடிதடி, ஒருவருக்குக் கை விளங்காமல் போனது. இருவருக்கும் தண்ணீர் பிடிக்க ஒரே குழாய். இவர்கள் வீட்டு அம்மா காலை ஆறு மணிக்குக் குடத்தோடு வருவார், அந்த வீட்டு அம்மா ஆறே காலுக்கு. அந்தக் கால் மணி நேரத்தை 22 வருஷமாக இருவரும் பிசகாமல் காப்பாற்றுகிறார்கள். போன வருஷம் இவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது அந்த வீட்டு அம்மா வந்தார், நாற்காலியில் உட்காராமல் நின்றே இருந்தார், நீட்டிய டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை நான்தான் வாங்கி வைத்தேன். ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. எனக்கு முதுகு சில்லிட்டது, உங்கள் நாவல்களில்கூட அப்படி ஆனதில்லை.

மலையில் ஒளிவதற்கு இடம் நிறைய இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். இங்கே ஒருவருக்கொருவர் தெரியாத ஆள் கிடையாது. கொன்றவன் மறுநாள் சாவு வீட்டுக்கு வந்து பெஞ்சு தூக்கிப் போட வேண்டும், செத்தவனின் மகனோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போக வேண்டும். அவன் எப்படி உட்காருவான், எந்தப் பக்கம் பார்ப்பான்? அதை எழுதுங்கள்.

அதனால் அடுத்த நாவலில் காரை விட்டுவிட்டு ஆளை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். அரசு பஸ்ஸுக்கு இ-பாஸும் கிடையாது. நான் கடைசி பஸ்ஸில் இடதுபக்கம் மூன்றாவது சீட்டில் இருப்பேன். ஸ்டாப் வந்தால் தட்டி எழுப்பிவிடுவதாகக் கண்டக்டர் சொல்லியிருக்கிறார். அவரும் இப்போது என் தோளுக்குமேல் எட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பதுதான் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து ராத்திரி ஷிஃப்ட் வாசகன்