மண்டியிட்டிருந்தால் முடிந்திருக்கும்

12-10-2023

அன்பு நண்பா,

தோற்ற பிறகு எல்லாரும் பயிற்சியாளர்தான் என்று நீ எழுதியிருந்த வரி என்னை இரண்டு நாள்களாக உறுத்துகிறது. அது பெரும்பாலும் உண்மை. மயாமியில் படித்த காலத்தில், ஆரஞ்சு பவுல் அரங்கில் அமர்ந்து நம் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைப் பார்த்து, எறிந்த பந்து பிடிபட்டால் துணிச்சல் என்றும் தவறினால் அவசரபுத்தி என்றும் ஒரே முடிவுக்கு இரண்டு பெயர் வைத்தவர்கள்தாமே நாம்?

ஆனால் சனிக்கிழமை ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக அணியிடம் நம் மயாமி அணிக்கு நடந்தது அப்படிப்பட்டதன்று. நாம் 20-17 என முன்னிலையில் இருந்தோம். பந்து நம்மிடம், மூன்றாம் டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), கடிகாரத்தில் 33 நொடிகள், எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம்-அவுட்கூட மிச்சமில்லை. அடுத்த முறை பந்தை எடுக்க விதி தரும் அவகாசமே 40 நொடிகள் என்பதால், அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி, அந்த முயற்சி முடிந்தும் கடிகாரம் ஓடும்படி ஒரு முறை மண்டியிட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பந்தை ஓர் ஓட்டக்காரர் கையில் கொடுத்து ஓடவிட்டார்கள். 26 நொடிகள் இருக்கையில் அது நழுவி எதிரணியிடம் போய்விட்டது. ஜார்ஜியா டெக் 74 கெஜம் கடந்து, கடைசியில் 44 கெஜ வீச்சு ஒன்றில் டச் டவுன் (எல்லைக்கோட்டைக் கடந்து பெறும் ஆறு புள்ளி) எடுத்து 23-20 என வென்றுவிட்டது. பந்து நழுவுவதற்கு முன்பே, அணி வரிசையாக நிற்பதைப் பார்த்தபோதே, ஏன் மண்டியிடவில்லை என்று நான் தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்றுவிட்டேன். விளைவு தெரியாத நேரத்திலேயே தவறென்று தெரிந்த முடிவைக் குறை சொல்வது எப்படிப் பின்புத்தியாகும்?

இந்தப் பாடம் புதியதுமன்று. 1978 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இதே போல வென்ற ஆட்டத்தை ஈகிள்ஸ் அணியிடம் பறிகொடுத்த பிறகுதான் மண்டியிடுவது எல்லா அணிகளுக்கும் வழக்கமாயிற்று. நம் பயிற்சியாளர் கிறிஸ்டோபலுக்கோ சொந்த அனுபவமே உண்டு. 2018-இல் ஆரெகன் அணியின் பயிற்சியாளராக, ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் ஓடவிட்ட பந்து நழுவி, கூடுதல் நேரத்தில் 38-31 என்று தோற்றார். அன்று மண்டியிட்டாலும் நேரம் முழுவதும் தீர்ந்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது; இம்முறை அந்த ஐயத்துக்கும் இடமில்லை. மண்டியிட்டிருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார். மயாமியில் பிறந்து, 1989-லும் 1991-லும் நம் அணி தேசிய சாம்பியன் ஆனபோது அதில் ஆடியவர் என்பதால் அவர்மேல் எனக்குள்ள பற்று குறையவில்லை. வருத்தம் இருமடங்காக இருப்பதும் அதனால்தான்.

ஓடிய இளைஞரைப் பற்றி நீ கடுமையாக எழுதியிருந்தாய். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கீழே விழுந்த பிறகே பந்து நழுவியது என்போரும் இருக்கிறார்கள். அது எப்படியாயினும், அந்த நொடியில் பந்து அவர் கைக்கு வந்திருக்கவே கூடாது. வரும் சனிக்கிழமை வட கரோலினாவுக்கு எதிராக முதல் பந்தை அவரிடமே கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆட்டம் முடிந்ததும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்