'நோஷனல்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 30-ல் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஊதிய உயர்வு உண்டு என்று செய்தி போடும்போதெல்லாம் 'நோஷனல்' என்ற சொல்லை விட்டுவிடுகிறீர்கள், இல்லையென்றால் 'கருத்தியல் ஊதிய உயர்வு' என்று போடுகிறீர்கள். விட்டுவிட்டால், சம்பள பாக்கி எப்போது கைக்கு வரும் என்று ஓய்வூதியர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். கருத்தியல் என்றாலோ நமக்குக் கொள்கை, சித்தாந்தம்தான் நினைவுக்கு வரும், சம்பளக் கணக்கில் அதற்கு என்ன வேலை?

நோஷனல் என்றால், நடக்காத ஒன்றைக் கணக்குக்காக மட்டும் நடந்ததாக வைத்துக்கொள்வது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசில் எல்லோருக்கும் ஜூலை 1 இன்கிரிமென்ட் தேதி ஆனது. வருடம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஜூன் 30 மாலை ஓய்வு பெற்றவர் மறுநாள் பணியில் இல்லை, அதனால் அவருக்கு உயர்வும் கிடைக்காமல் இருந்தது. சென்னையில் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில் 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நோஷனல் இன்கிரிமென்ட் தரச் சொன்னது, வேறொரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஒரு வருடம் உழைத்தவருக்கு உயர்வு உண்டு என்று முடித்து வைத்தது. தமிழ்நாடு அரசு அதற்கெல்லாம் முன்பே, 2014 டிசம்பர் 31 தேதியிட்ட அரசாணை 311-ல் தன் ஊழியர்களுக்கு இதைத் தந்துவிட்டது.

சரி, கையில் என்ன வரும்? கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீத உயர்வு 1,800. அந்த 1,800 சம்பளமாக ஒரு மாதம்கூட வராது, ஆனால் ஓய்வூதியம் பாதிச் சம்பளம் என்பதால் மாதம் 900 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் ஆயுள் முழுக்கக் கூடும். வயதான காலத்தில் இது சின்னத் தொகை இல்லை. அதனால் 'ஏட்டளவில்' என்றும் எழுதிவிடாதீர்கள், ஒன்றுமே கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவார்கள்.

பங்குச் சந்தை செய்தியிலும் இதேதான். சென்செக்ஸ் சரிந்த மறுநாள் 'முதலீட்டாளர்களுக்கு இத்தனை லட்சம் கோடி இழப்பு' என்று கொட்டை எழுத்தில் வருகிறது. விற்காதவருக்கு அது நோஷனல் இழப்புதான், விலை ஏறினால் போய்விடும். அதைப் படித்துப் பயந்து விற்கிறவருக்குத்தான் உண்மையான இழப்பு.

'கணக்களவிலான ஊதிய உயர்வு', 'கணக்களவிலான இழப்பு' என்று எழுதலாமே. தலைப்பில் இடம் இல்லை என்றால் முதல் வரியிலாவது, பணம் கைக்கு வருமா வராதா என்று சொல்லிவிடுங்கள்.

– ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர், திருச்சி