செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் நாம படிச்ச ஜட்சன் குடும்பம்

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், பர்மாவுலேர்ந்து வந்த குடும்பங்களோட நம்ம சங்கத்துக்கு வந்திருக்கற பெரியவங்க, தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ அக்கா தனியா படிப்பாங்க, நான் அதுல தலையிடல. சந்தா பாக்கி பத்தி மட்டும் கடைசில ரெண்டு வார்த்த இருக்கு, அதுக்குள்ள யாரும் நைசா எந்திரிச்சு போயிடாதீங்க.

மாசக் கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு. மழைக்காலத்துல ஹால் கெடைக்காம மொட்டமாடில பந்தல் போட்டு ஒப்பேத்துனோம். பொங்கல் விழாவும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) ஸ்டாலும் எப்பவும்போலதான், போட்டோல்லாம் வாட்ஸப் குரூப்ல கெடக்கு.

இந்த வருஷத்து விசேஷம்னா அது வாசிப்புக் கூட்டம்தான். பர்மாவுல வாழ்ந்த யாராவது ஒருத்தரோட வாழ்க்கைய வருஷம் பூரா படிக்கறதுன்னு முடிவு பண்ணி, மோல்மேன்லேர்ந்து வந்த குடும்பங்க நம்ம சங்கத்துல நெறைய இருக்கறதால, அந்த ஊர்ல ரொம்ப காலம் இருந்த அடோனிராம் ஜட்சன எடுத்துக்கிட்டோம். அமெரிக்காக்காரர், பாப்டிஸ்ட் (வெவரம் தெரிஞ்சு நம்பினவங்களுக்கு மட்டும் தண்ணில முழுக்கி ஞானஸ்நானம் குடுக்கற கிறிஸ்தவப் பிரிவு) போதகர், பைபிள பர்மியத்துல முழுசா கொண்டுவந்தவர். நம்மள்ல முக்காவாசிப் பேர் கிறிஸ்தவங்க இல்ல, இது மதப் பிரச்சாரமா போயிடாதான்னு ஒரு அண்ணன் மொத கூட்டத்துலயே கேட்டாரு, ஞாயமான கேள்விதான். ஆனா படிக்கப் படிக்க போதகர விட்டுட்டு அவரு வீட்டு ஆளுங்க பின்னாடியே எல்லாரும் போயிட்டோம், அந்த அண்ணனும் சேத்துதான்.

ஜட்சன் பொறந்தது 1788, மாசசூசெட்ஸ்ல, அப்பாவும் போதகர். ஆன் ஹாசல்டைன்ங்கற பொண்ண கட்டிக்க ஆசப்பட்டு பொண்ணோட அப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதுறாரு பாருங்க, வாசிச்சப்போ கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல. உங்க பொண்ண இனிமே இந்த உலகத்துல பாக்கமுடியாம போகலாம், கடல் ஆபத்து இருக்கு, இந்தியாவோட வெயில் இருக்கு, கஷ்டம், அவமானம், வெட்டுக்குத்துல சாவுகூட வரலாம், அனுப்ப சம்மதமான்னு நேராவே கேட்டிருக்காரு. அப்பா முடிவ பொண்ணு கையிலயே விட்டுட்டாரு, பொண்ணும் சரின்னுடுச்சு. 1812 பிப்ரவரி 5 கல்யாணம், மறுநாள் குருப்பட்டம், அதே மாசம் 19-ஆம் தேதி கப்பல் ஏறிட்டாங்க.

கெளம்பும்போது அவங்க பாப்டிஸ்ட் இல்லங்கறதுதான் வேடிக்க. கொழந்தைக்கு தண்ணி தெளிக்கறது சரியான ஞானஸ்நானமான்னு கப்பல்ல படிச்சு படிச்சு மனசு மாறி, கல்கத்தா வந்ததும் அந்த செப்டம்பர்லயே புருஷன் பொண்டாட்டி ரெண்டுபேரும் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிட்டாங்க. அனுப்பி வெச்ச சபை வேற, இவங்க இப்ப வேற, அதனால பணம் வர்ற வழியும் அடைஞ்சுபோச்சு. கூட வந்த லூதர் ரைஸ் அமெரிக்காவுக்கு திரும்பிப்போய் பாப்டிஸ்டுங்கள ஒண்ணு சேத்து உதவிக்கு ஏற்பாடு பண்ண வேண்டியதாயிடுச்சு. இங்க கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வேற நாட்ட விட்டு கெளம்புன்னு வெரட்டுறான். மொரீஷியஸ் போய், அங்கேர்ந்து 1813 ஜூன்ல நம்ம மெட்ராஸ்ல வந்து எறங்குனாங்க. இங்கயும் புடிச்சு திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம், அப்ப கெளம்ப தயாரா நின்ன கப்பல் ரங்கூன் போற ஜார்ஜியானா, அதுல ஏறிட்டாங்க. ஆனுக்கு மொதக் கொழந்த அந்தக் கப்பல்லதான், செத்தே பொறந்துச்சு. ரெண்டாவது பையன் ரோஜர் ரங்கூன்ல பொறந்து எட்டு மாசத்துல போயிட்டான். ரங்கூன் வந்து மொத பர்மியர் ஞானஸ்நானம் வாங்கறதுக்கு 1819 ஆயிடுச்சு, ஆறு வருஷம்.

1824-ல கம்பெனிக்கும் பர்மா ராஜாவுக்கும் சண்ட வந்துச்சு. ஜட்சனும் ஆனும் அப்ப பர்மாவோட தலைநகர் அவாவுல இருந்தாங்க. அந்த மே மாசம் ரங்கூன புடிச்ச கம்பெனி படைல மெட்ராஸ் சிப்பாய்ங்க நெறைய, அத படிச்சப்போ நம்ம பெரியவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவா ராஜாவுக்கு இங்கிலீஷ்காரன், அமெரிக்காக்காரன் ரெண்டும் ஒண்ணுதான், ஜட்சனுக்கு பணம் வேற கல்கத்தா வழியா வெள்ளக்காரன் கைமாறி வந்துக்கிட்டிருந்துச்சு, உளவாளின்னு உள்ள தூக்கிப் போட்டாங்க. கால்ல விலங்கு, ராத்திரில கால மூங்கில்ல மாட்டி மேல தூக்கிடுவாங்களாம், தோளும் தலையும் மட்டும்தான் தரையில. ஆன் அப்ப மாசமா இருந்தாங்க. தெனம் ஒரு அதிகாரி வீட்டு வாசல், கெஞ்சல், லஞ்சம், சாப்பாடு, துணி. பாதி முடிஞ்ச பைபிள் கையெழுத்த தலகாணிக்குள்ள வெச்சு தச்சு புருஷன் தலைக்கு அடியிலயே குடுத்து அனுப்புனதும் இந்தம்மாதான். 1825 ஜனவரில மரியா பொறந்தா. கைதிங்கள வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போனப்போ கைக்கொழந்தையோட படகுலயும் மாட்டு வண்டிலயும் பின்னாடியே போயிருக்காங்க. அங்க போய் இவங்களும் படுத்துட்டாங்க, பால் வத்திப்போச்சு. காவக்காரனுக்கு காசு குடுத்து, ஜட்சன் விலங்குக் காலோட பிள்ளைய தூக்கிட்டு வீடு வீடா போய் பால் குடுக்கற பர்மாக்கார தாய்மாருங்ககிட்ட கொஞ்சம் குடும்மான்னு கேட்டிருக்காரு. எத்தன பிரசங்கம் பண்ணியிருந்தாலும் எனக்கு அவர பத்தி மனசுல நிக்கறது இதுதான்.

1826 பிப்ரவரில யாண்டபோ ஒப்பந்தம், சண்ட முடிஞ்சுது. அதே வருஷம் அக்டோபர்ல பர்மாவுல மோல்மேன் பக்கத்து ஆம்ஹர்ஸ்ட்ல ஆன் காய்ச்சல்ல செத்தப்போ இவரு பக்கத்துல இல்ல, வெள்ளக்காரத் தூதுக்குழுவுக்கு பேச்ச மொழிபெயர்த்துச் சொல்ற வேலைக்கு திரும்ப அவாவுக்கு போயிருந்தாரு. ஆறு மாசத்துல மரியாவும் போயிட்டா. அதுக்கப்புறம் மனுஷன் ஒடைஞ்சுட்டாரு, காட்டுக்குள்ள குடிச போட்டு, சவக்குழி ஒண்ண வெட்டி அது ஓரத்துல உக்காந்திருப்பாராம்.

பைபிள் முடிஞ்சது 1834 ஜனவரி 31. ஏப்ரல்ல சாரா போர்ட்மன கட்டிக்கிட்டாரு, அவங்களும் ஒரு மிஷனரியோட விதவ, புருஷன் செத்தும் ஊருக்கு போகாம பர்மாவோட தென்கோடி தாவாய் பக்கம் கரேன் இன மக்களோட மலைக் கிராமங்கள்ல மூணு வருஷம் வேல பாத்தவங்க. எட்டு பிள்ளைங்க பொறந்துச்சு, அஞ்சுதான் தங்குச்சு.

இங்கதான் நம்ம கூட்டத்துல பெரிய வாக்குவாதம். பொண்டாட்டிங்கள ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சாக குடுத்துட்டாரேன்னு ஒரு பக்கம், அவங்களும் தெரிஞ்சேதான வந்தாங்கன்னு இன்னொரு பக்கம். என் கட்சி என்னன்னா, ஆன் அம்மாவ கேட்டாங்க, அவங்க அப்பாவ கேட்டாங்க, சாரா தானாவே நின்னாங்க, ஆனா பிள்ளைங்கள யாருமே கேக்கல. சாராவோட மொத புருஷனுக்குப் பொறந்த பையன் ஜார்ஜ் ஆறு வயசுல தனியா அமெரிக்காவுக்கு கப்பல் ஏத்திவிடப்பட்டான், தாய் அதுக்கப்புறம் அவன பாக்கவே இல்ல. 1845-ல சாராவுக்கு உடம்பு ரொம்ப முடியாம அமெரிக்கா கெளம்பறாங்க, பெரிய மூணு பிள்ளைங்க கூட, சின்ன மூணையும் மோல்மேன்லயே விட்டுட்டு. ஆகஸ்ட்ல மோல்மேன்ல அந்த சின்ன மூணுல சார்லஸ் செத்துட்டான், அந்த சேதி தெரியாமலேயே செப்டம்பர் 1 செயின்ட் ஹெலினா துறைமுகத்துல சாரா செத்தாங்க. ஜட்சன் திரும்பி வரும்போது அந்த பெரிய மூணையும் அமெரிக்காவுல விட்டுட்டுதான் வந்தாரு. 1964-ல பர்மாவ விட்டு வந்தப்போ நம்ம வீடுகள்லயும் பிள்ளைங்கள மொத கப்பல்ல அனுப்பிட்டு பெரியவங்க பின்னாடி வந்த கதைங்க உண்டு, அன்னிக்கு கூட்டத்துல சில அக்காங்க அழுதுட்டாங்க, அதுக்குமேல நான் எழுதல.

மூணாவது எமிலி. கதை எழுதுற பொண்ணு, சாராவோட வாழ்க்கைய எழுதித்தர்றீங்களான்னு கேக்கப்போய் கல்யாணத்துல முடிஞ்சுது, 1846 ஜூன். அவருக்கு 57, அவங்களுக்கு 28, பத்திரிகைக்காரன் சும்மா விடுவானா. ஜட்சன் இங்கிலீஷ்-பர்மிய அகராதி வேலைய முடிச்சது இந்தக் காலத்துலதான். 1850-ல உடம்பு தேற கடல் பயணம் கெளம்புன ஜட்சன் ஏப்ரல் 12 கப்பல்லயே செத்து வங்காள விரிகுடாவுலயே அடக்கம். பத்து நாள்ல மோல்மேன்ல எமிலிக்கு கொழந்த செத்துப் பொறந்துச்சு, புருஷன் செத்த சேதி வந்து சேர ஆகஸ்ட் ஆயிடுச்சு. தன் மகளோட சாராவோட ரெண்டு பையன்களையும் கூட்டிக்கிட்டு அமெரிக்கா போய் 1854-ல எமிலியும் கண்ண மூடிட்டாங்க.

மிச்சம் இருந்த பிள்ளைங்கள்ல ஒருத்தர் நியூயார்க்ல டாக்டர். ஜார்ஜ் பிலடெல்பியாவுல போதகர். கடைசிப் பையன் எட்வர்ட் அப்பாவோட வாழ்க்கைய எழுதி, நியூயார்க் வாஷிங்டன் ஸ்கொயர்ல அப்பா பேருல சர்ச்சும் கட்டுனாரு. மூத்த மக அபி மட்டும் பாப்டிஸ்ட் பக்கமே வேணாம்னு ஆவிகளோட பேசற கூட்டத்துல சேந்துட்டாங்க. எனக்கு என்னமோ இந்த அபிய பத்திதான் இன்னும் படிக்கணும்போல இருக்கு, அடுத்த வருஷக் கமிட்டி யோசிக்கட்டும்.

அடுத்த வருஷத்துக்கு கரேன் மக்கள்ல மொதல்ல கிறிஸ்தவரான கோ தா பியூவ எடுக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு, 1942-ல ஜப்பான்காரன் படையெடுத்தப்போ பர்மாவுலேர்ந்து இந்தியாவுக்கு நடந்தே வந்த நடைப்பயணத்த எடுக்கலாம்னு இன்னொன்னு. கை தூக்கி முடிவு பண்ணிக்கலாம். டீ, பிஸ்கட், ஜெராக்ஸ் செலவ கைக்காசு போட்டு பாத்துக்கிட்டவங்களுக்கு நன்றி, பேர் போடவேணாம்னு சொல்லிட்டாங்க. சந்தா பாக்கி வெச்சிருக்கவங்க லிஸ்ட் அக்காகிட்ட இருக்கு, சத்தமா படிக்கமாட்டாங்க, சாப்பாட்டுக்கு போறதுக்கு முன்னாடி நீங்களா போய் கட்டிட்டு ரசீது வாங்கிக்குங்க.