கேள்விக்குறி எங்கே போச்சு? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பதிப்பக, ஒலிப்புத்தக நண்பர்களுக்கு,

வணக்கம். கையெழுத்துப் பிரதியை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துத் தரும் வேலையை உங்களில் சிலர் சொந்தமாகச் சிறு நிரல் (ஸ்கிரிப்ட்) எழுதியே செய்துகொள்கிறீர்கள். பிரித்த பிறகு நிறுத்தக்குறிகள் காணாமல் போகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அதற்காகவே இந்த மடல்.

ரெஜெக்ஸில் (எழுத்துகளில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிக்கும் சூத்திரம்) [.?!] என்று கொடுத்து ஸ்பிளிட் செய்தால், அதாவது அந்தக் குறிகள் வரும் இடங்களில் பிரதியைத் துண்டாக்கினால், அந்தக் குறிகள் வெட்டும் இடங்களாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும், விடையில் வராது. தமிழில் இது பெரிய இழப்பு. “அம்மா சாப்பிட்டாச்சு?” என்பதைக் கேள்வி என்று காட்டுவது அந்த ஒரு குறிதான். அது போய்விட்டால் குரல் கொடுப்பவர் தகவலாகவே வாசித்துவிடுவார்.

எளிய வழி, அடைப்புக்குறி போடுவது: ([.?!]). நிரல் எழுதப் பயன்படும் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல், டாட்நெட் நான்கிலும் அடைப்புக்குள் பிடிபட்டது தனித் துண்டாக விடையில் வந்துவிடும். ஜாவாவின் ஸ்பிளிட்டில் பொதுவாக இது பலிக்காது. உள்ளே இன்னொரு அடைப்பு தேவைப்பட்டால் (?: ) என்று தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒரே குறி இரண்டு முறை வரும்.

ஆனால் இதோடு நிறுத்த முடியாது. “எங்கே போறே? தி.நகர். சீக்கிரம் வா!” என்பதைப் பாருங்கள். மேலே சொன்னபடி வெட்டினால் தி.நகர் உடைந்து ‘தி’ ஒரு பக்கம், ‘நகர்’ ஒரு பக்கம் என்று போய்விடும். நம் ஊர்ப் பெயர்களும் இனிஷியல்களும் நிறைந்த பிரதியில் இதை ஏற்கவே முடியாது. அதனால் நாங்கள் பரிந்துரைப்பது: (?<=[.?!])(?= ). முன்னால் குறி, பின்னால் இடைவெளி இருக்கும் இடத்தில், எதையும் விழுங்காமல் வெட்டு என்று பொருள். சரியாக மூன்று வாக்கியங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் தன் குறியோடு. ஜாவாவிலும் இது ஓடும். பைத்தானில் 3.7 (2018) அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் சஃபாரி உலாவி 16.4-க்கு முந்தையதாக இருந்தால் இந்த ரெஜெக்ஸையே ஏற்காது.

இனிஷியலுக்குப் பின் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்திருந்தால் அங்கே வெட்டு விழத்தான் செய்யும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அப்புறம், ஒரு சோதனையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். துண்டுகளை அப்படியே ஒட்டிப் பாருங்கள். மூலப் பிரதி எழுத்துக்கு எழுத்து திரும்பி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஏதோ தொலைந்திருக்கிறது. எழுத்தாளரின் ஒரு காற்புள்ளிகூட நம் கையில் தொலையக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஒட்டியது பொருந்தாத கோப்பு இருந்தால் அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
மென்பொருள் பிரிவு,
திருவல்லிக்கேணி, சென்னை