கோட்டிங்கனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அம்மாவின் பருப்புப்பொடியும் ஒரே பொட்டலத்தில் வந்தன. பொடி சிந்தி, உங்கள் எழுத்தெல்லாம் பெருங்காய வாசனை. போனில் "சாப்பிட்டாயா" என்றதோடு அம்மாவிடம் கொடுத்துவிடும் நீங்களா இத்தனை பக்கம் எழுதினீர்கள்! "ஜெர்மனியில் அப்படி என்னதான் வேலை" என்றீர்களே, அதற்கு முதலில் பதில்.

நான் செய்வதும் வெள்ளி வேலைதான். வெள்ளியைத் திராவகத்தில் கரைத்தால் வரும் சில்வர் நைட்ரேட்தான் எங்கள் சரக்கு. அதை ஸ்டார்ச் கரைத்த தண்ணீரில் விட்டு, குளுக்கோஸ் சேர்த்துச் சூடாக்கினால், நிறமில்லாத நீர் மெல்ல மஞ்சளாகும். வெள்ளி மீண்டும் உலோகமாகி, பொடிப்பொடித் துகள்களாக மிதக்கிறது என்று அர்த்தம். துகள் ஒன்று 10, 20 நானோமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். ஸ்டார்ச் இல்லையென்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறமாகிப் படிந்துவிடும். வெள்ளியும் மாவுச்சத்தும்! கொலுசும் ஜவ்வரிசியும் செய்கிற சேலத்துக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? போட்டோவில் என் விரல்கள் கறுத்திருப்பதைப் பார்த்து அம்மா பயந்தாராம். சில்வர் நைட்ரேட் பட்டால் தோல் கறுக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் தீப்புண்ணுக்குப் போடும் கட்டுக்காக. பட்டறையில் வெள்ளியைப் பற்றவைக்கும்போது உங்கள் கை வெந்ததே, அப்போது பூசிய வெள்ளைக் களிம்பு சில்வர் சல்பாடயசின். 1960-களில் வந்த மருந்து, அதிலும் வெள்ளிதான். ஆனால் கிருமியைக் கொல்லும் அதே வெள்ளி, அளவு மிஞ்சினால் புதுத்தோல் வளர்வதையும் தாமதப்படுத்தும். எவ்வளவு போதும் என்பதுதான் எங்கள் தலைவலி. கண்ணாடித் தட்டில் கிருமி செத்ததென்று நாங்கள் குதித்தால் பக்கத்துக் கட்டட டாக்டரம்மா சிரிப்பார். நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, யாருக்கு எந்தக் கட்டு என்று சீட்டுப் போட்டு, புண்ணை அளப்பவருக்கு அதைத் தெரிவிக்காமல் பார்த்தால்தான் நம்புவாராம். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது.

தங்கத் துகள்களை ஆராய்ந்து, 1925-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற சிக்மோண்டி இங்கேதான் பேராசிரியராக இருந்தார். அவர் சமாதியும் இவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஞாயிறன்று கடைகளும் மூடிக்கிடக்கும் என்பதால் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வருவேன்.

கீழ்வீட்டுப் பாட்டியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓடக் கூடாது. பனி கொட்டும்போது மேலே வந்து என் ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். காற்று மாறாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். ஒருநாள் தாளித்த நெடிக்குத் தும்மிக்கொண்டே சண்டைக்கு வந்தவருக்கு ரசம் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

குளிருக்குக் கோட்டு வாங்கிவிட்டேன். பழையதுதான், நல்ல கனம். பஸ்ஸை விட்டுச் சைக்கிளில் போகிறேன், உடம்புக்கு நல்லது. இந்த மாதப் பணம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும், வேறொன்றும் இல்லை.

நேற்று கடையில் ஒரு மாம்பழத்தை எடுத்து முகர்ந்தேன். வாசனையே இல்லை, விலையைப் பார்த்து வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தட்டுவடை செட் நினைப்பாகவே இருந்தது. ஏற்காட்டு பஸ்ஸில் தம்பியும் நானும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கத்திக் கத்தி எண்ணுவோமே, அப்பா! மேலே அடிப்பதைப் போய்க் குளிரென்று ஸ்வெட்டர் போட்டோம். சில இரவுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றிருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

அம்மாயியின் மிளகுத் தோட்டத்தை விற்க மாமா அவசரப்படுவதாக எழுதியிருந்தீர்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல், அம்மாயியிடம் நேரில் கேட்காமல், அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். தம்பி பட்டறைக்கு வராவிட்டால் போகட்டும்; செவ்வாய்ப்பேட்டையில் நிற்கும் கூலிப் பாக்கியை மட்டும் அவன் போய்க் கேட்கட்டும். நீங்கள் போனால் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். அக்காவின் வளைகாப்புத் தேதி முடிவானதும் எழுதுங்கள். மாமாவையும் முறையாகப் போய் அழையுங்கள், தோட்டத்துப் பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
கலா