அருஷாவுக்கு ஒரு நன்றி பாக்கி

தான்சானியாவிலிருந்து திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. கிளம்பும்போது பெட்டி கட்டிய அவசரத்தில் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் அருஷாவில் உள்ள உலகக் காய்கறி மையத்து ஆராய்ச்சியாளர்களுக்கு. நான் விதைக் கம்பெனிக்காரன், அடுத்தவன் வயலை எட்டிப்பார்த்தாலே சண்டை வரும் தொழில் இது. 2018-ல் அந்த மையமும் ஆப்பிரிக்க விதை வணிகச் சங்கமும் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பின் புண்ணியத்தில், போட்டிக் கம்பெனி ஆட்களும் நானும் ஒரே பாத்தியில் குனிந்து, இன்னும் பெயர்கூட வைக்காத செடிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தோம். "இது வாடல் நோய்க்குத் தாங்காது, எடுக்காதீர்கள்" என்று தங்கள் செடியைத் தாங்களே குறை சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி. எங்கள் விற்பனைக் கூட்டத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

அப்புறம், சுவை பார்க்க வந்த மாமாக்களுக்கு. (அங்கே அம்மாவைத்தான் மாமா என்பார்கள், எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது.) அவர்கள் சுவை பார்த்தது நியான்யா சுங்கு. அப்படியென்றால் கசப்புத் தக்காளி, ஆனால் உண்மையில் அது கத்தரி இனம், வெளிறிய நிறத்தில் இருக்கும்போதே பறிக்காவிட்டால் தக்காளி போலவே சிவந்துவிடும். நான் காய்ப்பையும் நிறத்தையும் பார்த்து ஒரு வரிசைக்கு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தேன். வேகவைத்ததை ஒரு வாய் தின்றுவிட்டு, "கசப்பே இல்லையே, இதை யார் வாங்குவார்கள்?" என்று தட்டைத் தள்ளிவிட்டார் ஒரு மாமா. நட்சத்திரத்தை அங்கேயே அடித்துவிட்டேன்.

பெரிய கடன் பண்ணைத் தொழிலாளர்களிடம். இரண்டு ரகங்களைக் கலக்க, மொட்டைப் பிரித்து, மகரந்தப் பையை இடுக்கியால் எடுத்து, மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தம் தடவி, சீட்டு கட்ட வேண்டும். நான் சாதாரணப் பேனாவால் சீட்டு எழுதியிருந்தேன், ஒரே மழையில் எல்லாம் வெள்ளைக் காகிதம். திட்டுவார்கள் என்று நினைத்தேன். நீங்களோ இலையைத் தடவிப் பார்த்து, உங்கள் நோட்டோடு ஒப்பிட்டு, பாதிக்கு மேல் மீட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பென்சிலை என் கையில் திணித்தீர்கள்.

நம் ஊரில் களை என்று பிடுங்கிப் போடும் நல்வேளையை அங்கே கீரையாக விதைக்கிறார்கள்; சீக்கிரம் பூத்து இலை குறைந்துவிடாத ரகத்தைத் தேடி அதற்கும் ஆராய்ச்சி நடக்கிறது. அதை இங்கே சொன்னால் அப்பா இன்னும் நம்பவில்லை.

சரி, ஒரு விஷயம். உங்கள் சின்ன இடுக்கி என் பையோடு வந்துவிட்டது. அடுத்து அருஷா வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அசான்டே சானா (மிக்க நன்றி).